இரவல் தாய்

கதிரவன் உயர்ந்த மாடங்களுக்குப் பின்னே மெல்லச் சரிந்து, அலுவலகங்கள் தம் வயிற்றில் கிடந்த மாந்தரையெல்லாம் ஒருசேரத் தெருவில் இறக்கிவிட்டு, பேருந்துகள் நிறைமாதக்காரியைப் போல் அசைந்தசைந்து ஊர்ந்து, தெருவிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாய் விழித்துக்கொள்ளும் மாலை வேளையில், நகரின் நட்டநடுவே நான்கு பெருந்தெருக்கள் வந்து முட்டும் முனையில், முன்புறம் செங்கல்லும் பின்புறம் கண்ணாடியுமாய், பழைய சட்டைக்குப் புதிய கை வைத்துத் தைத்தாற்போல் நிற்கும் அந்தப் பல்கலைக்கழகத்தைக் காணுங்கள், கற்றோரே. அதன் செங்கல் முகப்பில் புறாக்கள் எச்சமிட்டிருக்கின்றன. கண்ணாடி முகப்பில் ஆட்சிக்குழுவினர் தம் பெயர்களைப் பொறித்திருக்கின்றனர். இவ்விரண்டில் எது கட்டடத்தை மிகுதியும் அழுக்காக்கியது என்று கேட்டால், புறாக்களின் பக்கம் நின்று பேசவே என் நா எழுகிறது.

இக்கழகம் அரசர் எவரும் அள்ளிக் கொடுத்ததன்று. துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும், அச்சகத்தில் எழுத்துக் கோத்தோரும், தையல்கூடங்களில் முதுகு வளைந்தோரும், மூலைக்கடை வைத்துப் பிழைத்தோரும் தத்தம் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துக் கொடுத்து, பகலில் உழைப்பவன் மாலையில் படிக்க ஓரிடம் வேண்டும் என்று நகரவையின் கதவைத் தட்டித் தட்டிப் பெற்றது. ஆகையால் தொடக்கத்தில் அதற்கு மதில் இல்லை, வாயிற்காவல் இல்லை, பகல் வகுப்புகளுக்கு முன்பே மாலை வகுப்புகள் அங்கே தோன்றின. நிறுவியோர் ஒரு வழக்கத்தையும் விட்டுச் சென்றனர். ஆய்வுப் பட்டம் வேண்டி நிற்போர் தம் ஆய்வேட்டை நிலைநாட்டும் வாய்மொழித் தேர்வு, கதவுகள் அகலத் திறந்த கூடத்தில் நிகழ வேண்டும். தெருவில் போகிறவர் எவரும் உள்ளே வந்து அமரலாம், கேள்வியும் கேட்கலாம். நகரத்தின் காசில் கற்றவர் நகரத்துக்கு விடை சொல்லட்டும் என்பது அப்பெருமக்களின் எண்ணம்.

அவ்வழக்கம் இன்றும் இருக்கிறது. இருக்கிறது என்பதைவிட, சாகவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதே பொருந்தும். இப்போது மதில் உண்டு; அட்டையைத் தேய்த்தால் திறக்கும் இரும்புக் கதவு உண்டு; தேர்வு நாளில் மட்டும் அக்கதவு திறந்திருக்கும், "அனைவரும் வருக, எவரும் பேசலாம்" என்று ஒரு பலகை மாட்டியிருக்கும். உள்ளே கேட்க வேண்டிய கேள்விகளை நெறியாளரே முதல்நாள் எழுதி, தமக்கு வேண்டியவர் கையில் கொடுத்துவிடுவார். வருகிறவர்களும் தேநீருக்கும் அதனோடு வரும் பணியாரத்துக்குமாய் வருவார்கள். அறிவைத் தேடிய ஆசிரியர் போய், பதவி உயர்வுக்கான புள்ளிகளைத் தேடும் ஆசிரியர் வந்தனர். ஒருவர் எழுதிய கட்டுரையில் நால்வர் பெயரை ஏற்றினர். கருத்தரங்குகளில் தம் உரை முடிந்ததும் அடுத்தவர் உரையைக் கேளாமலே எழுந்து போயினர். ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொடுத்து, அதற்கு மேற்கோள் என்று பெயரிட்டனர். இவற்றை எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது. ஆயினும் சொல்லத்தான் வேண்டும்.

அங்கே வரலாற்றுத் துறைக்குத் தலைமை பூண்டிருந்த பேராசிரியர் ஒருவர், வாய் திறந்து பேசத் தொடங்குமுன் நெஞ்சு முழுதும் நிறைய ஒரு நெடுமூச்சு விடுவது வழக்கம். அறிவின் சுமை தாங்காமல் எழும் மூச்சு என்று புதிய மாணவர் மலைப்பர். அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் எழும் மூச்சு என்று பழைய மாணவர் அறிவர். அவர்களே அவருக்குப் பெருமூச்சார் என்று பெயரிட்டிருந்தனர். நீதியரசர் ஒருவரின் ஒரே மகனாய்ப் பிறந்து, பள்ளிக்கு மகிழுந்தில் போய், மகிழுந்தில் திரும்பி, காலில் புழுதி படாமல் வளர்ந்தவர் அவர். மாலை வகுப்புகள் தொடங்கும் மணி அடிக்குமுன் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். அவ்வகுப்புகளில் யார் படிக்கிறார்கள், என்ன படிக்கிறார்கள் என்று அவரைக் கேட்டால், "பாவம், உழைக்கிற மக்கள்" என்று சொல்லி இன்னொரு மூச்சு விடுவார்.

அவரிடம் ஆய்வு செய்ய வந்தவள் ஒரு சலவைக்கூடத் தொழிலாளியின் மகள். மருத்துவமனைகளிலிருந்து மூட்டை மூட்டையாய் வரும் படுக்கைவிரிப்புகளை வெந்நீரில் அலசி, ஆவியில் அழுத்தி, மடித்து அடுக்கும் கூடத்தில் அவள் தாய் இளமை தொட்டு உழைத்து வந்தாள். விரல் நுனிகளில் சூடுபட்டுச் சூடுபட்டு ரேகைகள் பாதி அழிந்துபோன கைகள் அவை. அக்கைகளோடு அவள் ஒரு காலத்தில் இப்பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தாள். கணவனுக்குத் துறைமுகத்தில் இரவுப் பணி; பிறந்து சில திங்களே ஆன பெண்மகவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை; கைக்குழந்தைகளை வகுப்பறைக்குள் கொண்டுவரலாகாது என்பது விதி. எனவே அவள் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு வகுப்பறைக்கு வெளியே நடையில் அமர்ந்து, திறந்த கதவின் வழியே பாடங்கேட்டாள். பாடம் நடத்திய ஆசிரியர் இரண்டொரு நாள் பார்த்துவிட்டு, பிறகு கரும்பலகையை விட்டு நகர்ந்து, கதவோரம் நின்று உரக்கப் பேசலானார். ஓராண்டு அவ்வாறு கழிந்தது. அவ்வாண்டின் தேர்வில் அவள் தேறினாள். அடுத்த ஆண்டு கணவன் பாரந்தூக்கியின் கீழ் அகப்பட்டு இறந்தான்; அவள் இரண்டு வேளைப் பணிக்குப் போனாள்; படிப்பு அத்தோடு நின்றது. எனினும் அந்த ஓராண்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் குரலில் வேறொரு நிமிர்வு வரும்.

மகள் அந்நடையை மறக்கவில்லை. மாலை வகுப்புகளின் வரலாற்றையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு, பழைய மாணவர்களைத் தேடித் தேடி, முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் கடைவீதிகளிலும் சென்று கேட்டுக் கேட்டு எழுதினாள். கடைசி இயலில் தன் தாயையே சான்றாக நிறுத்தினாள். "என் அம்மா என்னை மடியில் கிடத்திக்கொண்டு இந்த நடையில் அமர்ந்து வரலாறு கேட்டாள், நான் பால் குடித்தபடி அதைக் கேட்டேன்" என்று அந்த இயல் தொடங்கிற்று. மாலைப் பிரிவில் விரிவுரையாளர் பணியிடம் ஒன்று காலியாகியிருந்தது. பட்டம் கைக்கு வந்துவிட்டால் அப்பணி அவளுக்கு ஏறத்தாழ உறுதி. இம்முறை தவறினால் வயதுவரம்பு தாண்டிவிடும். தாயும் மகளும் அந்த ஒன்றையே நம்பியிருந்தனர்.

அத்துறையில் ஒரு நடைமுறை உண்டு. ஆய்வாளர் எழுதி முடித்த இயலை நெறியாளரின் மேசைமேல் வைத்துவிட்டுப் போக வேண்டும். அவர் திருத்திக் கொடுக்கும்வரை கேட்கக் கூடாது. "வெச்சுட்டுப் போம்மா" என்பார் பெருமூச்சார், தலை நிமிராமல். இவளும் வைத்தாள். இயல்கள் அம்மேசையில் மாதக்கணக்கில் கிடந்து, இங்கொரு காற்புள்ளியும் அங்கொரு சுழியுமாய்த் திரும்பி வந்தன. அதே பொழுதில்தான் பல்கலைக்கழகத்துக்கு நூற்றாண்டு நெருங்கிற்று; அதன் வரலாற்றை நூலாக எழுதித் தரும்படி துணைவேந்தர் பெருமூச்சாரைக் கேட்டுக்கொண்டார். ஓர் இரங்கற்பா எழுதவும் ஓராண்டு எடுத்துக்கொள்ளும் மனிதர், நூலை ஒரே பருவத்தில் முடித்துக் கொடுத்தார். எல்லோரும் வியந்தனர். மேசையை அறிந்தவர்கள் மட்டும் வியக்கவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை, ஏனெனில் அவர்களுக்கும் மேசைகள் இருந்தன.

நூல் வெளியீட்டு நாளன்று மேடையோரம் தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கிக்கொண்டு நின்றாள் மகள். ஆய்வாளர்களுக்கு அத்தகைய பணிகளே அன்று ஒதுக்கப்பட்டிருந்தன. பெருமூச்சார் எழுந்தார், மூச்சு விட்டார், நூலின் கடைசிப் பகுதியைப் பிரித்து, "என் அம்மா என்னை மடியில் கிடத்திக்கொண்டு இந்த நடையில் அமர்ந்து வரலாறு கேட்டாள்" என்று படிக்கத் தொடங்கினார். ஆண்டை மட்டும் ஒரு தலைமுறை பின்னே தள்ளி, மகளை மகனாக்கியிருந்தார். சலவைக்கூடம் அப்படியே இருந்தது, வெந்த விரல்நுனிகள் அப்படியே இருந்தன, கதவோரம் நின்ற ஆசிரியரும் இருந்தார். பாதியில் பெருமூச்சார் படிப்பதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவை முழுதும் எழுந்து நின்று கைதட்டிற்று. நீதியரசரின் மனைவியாய், மெத்திருக்கையில் அமர்ந்து பணிப்பெண்களை ஏவிக்கொண்டிருந்த அவரைப் பெற்ற தாய், அக்கணம் மண்ணுக்குள் எப்படிப் புரண்டிருப்பாளோ, நானறியேன். இவ்வளவு கீழ்மையைக் கண்ணீரோடு செய்யவும் ஒரு தனித் திறம் வேண்டும்.

மறுநாள் மகள் அவர் அறைக்குச் சென்றாள்.

"சார், அது என் அம்மா."

பெருமூச்சார் மூச்சு விட்டார். "கதவைச் சாத்தும்மா. உன் அம்மான்னு யார் இல்லைன்னாங்க? உன் ஆய்வேட்டை எத்தனை பேர் படிப்பான்? நீ, நான், தேர்வாளர், அப்புறம் நூலகத்துக் கரையான். என் நூலை ஊரே படிக்குது. உங்க அம்மாவை ஊரறிய வெச்சதே நான்தான்."

"உங்க அம்மான்னு போட்டிருக்கீங்களே சார்."

"என் அம்மான்னு சொன்னாத்தான் சபை எந்திரிச்சு நிக்கும். என் மாணவியோட அம்மான்னு சொன்னா யார் நிப்பான்? சின்னச் சின்ன விஷயத்துல மனசைப் போட்டுக் குழப்பிக்காதே. முதல்ல வாய்மொழித் தேர்வை முடி. வேலையில சேரு. உன் தாளுல எல்லாம் கையெழுத்துப் போடப் போறது யாரு? நான்தானே."

அவள் திரும்பி வந்தாள். வீட்டில் தாய், விழா எப்படி இருந்தது என்று கேட்டபோது, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். தேர்வுக்கு வர வேண்டாம் என்று மட்டும் பல முறை சொல்லிப் பார்த்தாள். தாய் கேட்கவில்லை. "யாரும் வரலாம்னுதானே போர்டு மாட்டுவாங்க? எல்லாரும் வருவாங்க, நான் மட்டும் வரக் கூடாதா?" என்று சொல்லி, சலவைக்கூடத்தில் அரைநாள் விடுப்புக் கேட்டு, தன் உடையைத் தானே அழுத்தி மடிப்புக் கலையாமல் உடுத்திக்கொண்டு, வேற்றூரிலிருந்து வந்த புறத்தேர்வாளர் கூடத்துக்குள் நுழையுமுன்பே வந்து கடைசி வரிசையில் அமர்ந்துவிட்டாள்.

புறத்தேர்வாளர் நல்லவர். நல்லவர் என்பதே இக்கதையில் பெருந்தொல்லையாக முடிந்தது. அவர் நூற்றாண்டு நூலை முதலில் படித்துவிட்டு, பிறகே ஆய்வேட்டைப் பிரித்தவர். அச்சேறியது எதுவோ அதுவே மூலம், அச்சேறாதது அதன் நிழல் என்பது அவ்வுலகத்தாரின் எழுதாச் சட்டம்; எது முந்தி எழுதப்பட்டது என்று கேட்க அவருக்குத் தோன்றவேயில்லை. போதாக்குறைக்கு, எழுத்தை எழுத்தோடு பொருத்திக் காட்டும் பொறி ஒன்று அங்கே உண்டு. அதுவும் கடைசி இயல் முழுதும் நூற்றாண்டு நூலிலிருந்து எடுத்தது என்று செம்மை பூசிக் காட்டியிருந்தது. நெஞ்சில் சினத்தையும் கையில் அப்பொறியின் அறிக்கையையும் வைத்துக்கொண்டு அவர் பொறுமையாய்க் காத்திருந்தார். மகள் தன் ஆய்வை விளக்கி முடித்தாள். எழுதிக் கொடுத்த கேள்விகளை வாங்கிக்கொண்டவர்கள் கேட்டு முடித்தார்கள். தேநீர் ஆறத் தொடங்கிற்று. அப்போது அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

"மத்த இயல் எல்லாம் நல்ல உழைப்பும்மா, மறுக்கலை. ஆனா கடைசி இயல்? பேராசிரியரோட நூலை நான் படிச்சு அழுதிருக்கேன். கைக்குழந்தையோட நடையில உட்கார்ந்து பாடம் கேட்ட அம்மா. அதே அம்மா, அதே நடை, அதே குழந்தை இங்கேயும் வருது. ஆண்டை மாத்தியிருக்கீங்க. மகனை மகளாக்கியிருக்கீங்க. கருத்தைத் திருடுறவங்களைப் பார்த்திருக்கேன், வரியைத் திருடுறவங்களைப் பார்த்திருக்கேன். ஒருத்தரைப் பெத்த தாயையே திருடுறவங்களை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

கையிலிருந்த பணியாரத்தைக் கடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பலர் திகைத்தனர். எல்லாக் கண்களும் பெருமூச்சாரை நோக்கின. அவர் நெற்றியில் வேர்வை அரும்பிற்று. அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்; அந்த ஒரு சொல்லுக்கு மாறாக அவர் மேற்கூரையை நோக்கி, வழக்கத்தினும் நெடியதொரு மூச்சு விட்டு, "விட்டுடுங்க ஐயா. சின்னப் பொண்ணு. என் அம்மா இருந்திருந்தா இவளை மன்னிச்சிருப்பாங்க" என்றார். இதைவிட இழிந்த ஒரு சொற்றொடரை அக்கூடத்தின் சுவர்கள் அதற்குமுன் கேட்டிருக்குமென்று நான் நம்பவில்லை.

மகள் எழுந்து நின்றாள். உண்மையைச் சொன்னால், துணைவேந்தர் கையால் வெளியிட்ட நூலையும், தன் தாள்கள் அனைத்திலும் கையெழுத்திட வேண்டிய மனிதரையும், பொய் சொல்லாத பொறியையும் ஒருசேர எதிர்த்து நிற்க வேண்டும். பட்டம் போகும், பணி போகும். சொல்லாவிட்டால் திருடி என்ற பெயரோடு பட்டமும் போகும், பணியும் போகும். இருபுறமும் சுவர். அவள் வாய் திறந்து, "ஐயா, அது..." என்றாள்.

"ஒரு நிமிஷங்க ஐயா."

கடைசி வரிசையிலிருந்து வந்தது அக்குரல். தாய் எழுந்து நின்றிருந்தாள். நடந்தது இன்னதென்று அந்தச் சில நொடிகளிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. தன் வாழ்வின் ஓராண்டு அங்கே மேசைமேல் வேறொருவன் பெயரில் கிடப்பதையும், தன் மகள் விழப்போகும் பள்ளத்தையும், நெற்றி வேர்த்த மனிதர் எதற்கு அஞ்சுகிறார் என்பதையும் அவள் ஒருங்கே கண்டாள்.

"நான் இந்தப் பொண்ணோட அம்மா. யாரும் பேசலாம்னு வெளியில எழுதியிருக்கு. பேசலாமா?"

"பேசுங்கம்மா" என்றார் புறத்தேர்வாளர், சற்றுத் திடுக்கிட்டு.

"அந்த நடையில உட்கார்ந்தது நான் இல்லைங்க. சாரோட அம்மாதான். சார் அவங்களைப் பத்தி இவகிட்டச் சொல்லியிருக்கார் போல. இவ வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி அழுவா. எனக்கும் அப்படி ஒரு அம்மா கிடைச்சிருக்கக் கூடாதான்னு என்னையே கேட்பா. அந்த ஏக்கத்துல என் அம்மான்னு எழுதிட்டா ஐயா. திருட்டு இல்லை, ஏக்கம். நான் துணி மடிக்கிறவ, படிப்பு வாசனை தெரியாதவ. இந்தக் கட்டடத்துக்குள்ள இன்னைக்குத்தான் முதல் தடவையா காலெடுத்து வைக்கிறேன்."

"அம்மா!" என்றாள் மகள்.

"நீ உட்காரு. பெரியவங்க பேசிக்கிட்டு இருக்காங்க."

மகள் அமர்ந்தாள். அங்கிருந்தோர் நெஞ்சமோ உருகி வழிந்தது. ஏக்கம் என்ற சொல் வரிசை வரிசையாய்க் கடந்து சென்றது. ஓர் அம்மையார் மூக்கை உறிஞ்சினார். வரலாற்றாய்வில் ஏக்கத்தின் பங்கு என்ற பொருளில் ஒரு கருத்தரங்கு நடத்தலாமே என்று பின்னிருக்கையில் ஒருவர் இன்னொருவரிடம் அப்போதே கிசுகிசுத்தார். புறத்தேர்வாளரின் சினம் ஆறிற்று. இரக்கமும் பெருந்தன்மையும் ஒருங்கே பொங்க அவர் தீர்ப்பளித்தார். ஆய்வேடு ஏற்கப்படும், ஒரே ஒரு திருத்தம் போதும், கடைசி இயலில் அந்தத் தாய் வரும் இடந்தோறும், பேராசிரியரின் நூலிலிருந்து எடுத்தது என்று அடிக்குறிப்பு இட வேண்டும். பெருமூச்சார் அதற்கு ஒப்புதலாகத் தலையசைத்தார். அறிக்கையில் இருவரும் கையெழுத்திட்டனர். மக்கள் பணியாரத் தட்டுகளின்பால் திரும்பினர்.

கேடு அத்தோடும் நிற்கவில்லை. பெருமூச்சார் இருக்கை வரிசைகளைக் கடந்து வந்து, எல்லோரும் பார்க்க அத்தாயின் வெந்த கைகளிரண்டையும் தம் மெல்லிய கைகளில் பற்றிக்கொண்டு, "என் அம்மாவை நீங்க எனக்குத் திருப்பிக் குடுத்துட்டீங்கம்மா" என்றார். கண்ணில் நீர்கூட இருந்தது. தாய் தன் கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"பத்திரமா வெச்சுக்குங்க சார்" என்றாள்.

கூடத்தை விட்டு வெளியே வந்தபோது புறத்தேர்வாளர் நடையின் நடுவில் நின்று, இப்புறமும் அப்புறமும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஏற்றிச் செல்லும் வண்டி பின்வாயிலில் நின்றது. வழிகாட்ட வேண்டிய ஆய்வாளன் தேநீர்க்கூட்டத்தில் தொலைந்துபோயிருந்தான். அவர் தயங்குவதைக் கண்ட தாய், நினையாமலே வாய்திறந்தாள்.

"பின்வாசலுக்குங்களா? நேராப் போய் வலப்பக்கம் திரும்புங்க, ஒரு மரப்படி வரும். கடைசிப் படி மட்டும் குட்டை. வேகமா இறங்கினா கால் பிசகிடும், பார்த்து."

அவர் நன்றி கூறி நடந்தார். வலப்பக்கம் திரும்பினார், மரப்படி வந்தது, இறங்கினார். கடைசிப் படியில் அவர் கால் எதிர்பாராத தரையை எதிர்பாராத இடத்தில் தொட்டது. அவர் நின்றார். ஒரு கையால் கைப்பிடியைப் பற்றியபடியே சற்று நேரம் குனிந்து அப்படியைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, மேலே நடையின் விளிம்பில் நின்ற அப்பெண்ணைப் பார்த்தார். அவள் நாவைக் கடித்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள். அனைத்தும் அவருக்கு விளங்கிற்று. மேலேறி வந்து, கையெழுத்திட்ட அறிக்கையைத் திரும்பக் கேட்டு வாங்க அவருக்குப் பொழுதும் இருந்தது, உரிமையும் இருந்தது. ஆனால் அறிக்கையைத் திருத்தினால் எத்தனை பேருக்குக் கடிதம் எழுத வேண்டும், எந்தெந்த நண்பர்களை இழக்க வேண்டும், அடுத்த திங்கள் தம் மாணவனின் தேர்வுக்குப் பெருமூச்சார் வருவாரா என்பவையும் அவருக்கு விளங்கின. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வண்டியில் ஏறினார். நல்லவர் என்று முன்பு சொன்னேன். அச்சொல்லை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தாயும் மகளும் பேருந்து நிறுத்தத்துக்கு வந்து நின்றனர். மகள்தான் முதலில் உடைந்தாள்.

"ஏம்மா அப்படிச் சொன்னே? நான் சொல்லியிருப்பேன்ல? எல்லார் முன்னாடியும் சொல்லியிருப்பேன்ல?"

"சொல்லியிருப்பே. கேட்டிருக்கணுமே அவங்க." தாய் வரும் பேருந்தின் எண்ணைப் படிக்க முயல்வதுபோல் தெருவையே நோக்கினாள். "நீ எத்தனை வருஷம் அலைஞ்சே. அந்த ஆளுக்காக அது வீணாப் போகணுமா? போகட்டும் விடு. நான் உட்கார்ந்தது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். உங்க அப்பாவுக்கும் தெரியும். அது போதும்."

போதும் என்று சொல்லும்போது அவள் குரல் பாதியில் அறுந்தது. போதவில்லை, கற்றோரே. ஒரு சிறிதும் போதவில்லை. தன் வாழ்வில் தனக்கென்று அவள் வைத்திருந்தது அந்த ஓராண்டு ஒன்றே. அதைத் தன் வாயாலேயே, அதே கட்டடத்துக்குள் நின்று, இல்லையென்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். மகள் தாயின் தோளில் முகம் புதைத்துக்கொண்டு தெருவென்றும் பாராமல் அழுதாள். தாய் அவள் முதுகைத் தடவியபடி, அழாமல் நின்றாள்.

அந்த வாரமே மகள் அடிக்குறிப்புகளை இட்டாள். என் அம்மா என்று வரும் இடந்தோறும் நின்று, கீழே பெருமூச்சாரின் பெயரையும் அவர் நூலின் பெயரையும் பக்க எண்ணையும் தட்டச்சு செய்தாள். தன்னைப் பெற்றவளைத் தன் தாய் என்று சொல்ல, வேறொருவர் வீட்டு மகனின் நூலைச் சான்று காட்டிய முதல் ஆய்வாளர் அவளாகத்தான் இருப்பாள். பட்டம் கிடைத்தது. மாலைப் பிரிவில் பணியும் கிடைத்தது. பட்டமளிப்பு விழாவுக்கு இரண்டு அழைப்பிதழ்கள் வந்தபோது, அவள் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்கே போய், விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த தாயின் அருகில் நின்றாள்.

"வாம்மா. நீ வராம நான் எப்படி மேடை ஏறுறது?"

தாய் விரிப்பின் இரு முனைகளைச் சேர்த்துப் பிடித்து, நீவி, இன்னும் ஒருமுறை மடித்தாள்.

"வேண்டாம்மா. ஒரு நாள் வந்ததுக்கே அத்தனை பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு. இன்னொரு தரம் வந்தா என்ன சொல்லச் சொல்வாங்களோ."

உழைப்போரின் கூலியில் எழுந்து, உண்மையைத் தெருவோர் முன்னிலையில் நிறுவுக என்று கதவு திறந்து வைத்த ஒரு கழகம், அத்தெருவிலிருந்து வந்த ஒருத்தியைப் பொய்சொல்ல வைத்து, அப்பொய்க்கு மகிழ்ந்து, அவள் மகளுக்குப் பட்டமும் அளித்தது. விழா நாளில் துணைவேந்தர் உண்மையின் மேன்மையைப் பற்றிப் பேசினார். பெருமூச்சார் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். மகள் மேடையேறிப் பட்டத்தை வாங்கிக்கொண்டு இறங்கி, அவர் எழுந்து நீட்டிய கையைப் பாராமல், கூட்டத்தில் தன் தாய்க்கென்று விட்டிருந்த வெற்றிருக்கையின் அருகே போய் அமர்ந்தாள்.